கடித்த நாய்க்குப் பால்சோறு

என்னைக் கடித்த நாய்க்கு எங்கள் வீட்டில் பால்சோறு. எனக்கு உப்பில்லாக் கஞ்சி. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு ஏழு வயது இருக்கும். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டி எங்கள் ஊர். அப்பா வண்டிக்காரர். சொந்த வண்டி, சொந்த மாடு. அரிசி ஏற்றிக்கொண்டு ஆழ்வார்திருநகரி வழியாகக் கடற்கரை வரை போவார். வரும்போது உப்பும் கருவாடும் ஏற்றி வருவார். அதிகம் பேசமாட்டார். பேசினால் மாட்டோடுதான்.

நாய் யாருடையதும் இல்லை. செவலை நிறம். ஒரு காது கிழிந்திருக்கும். களத்து வைக்கோல் போருக்கு அடியில் குடைந்து படுத்துக் கிடக்கும். எனக்கு அது தெரியாது. எங்கள் கோழி அங்கே முட்டையிடுகிறது என்று நினைத்துக் கையை உள்ளே விட்டேன். முட்டை இல்லை. பல் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் அத்தை ஓடிவந்தாள். அத்தை அப்பாவின் அக்கா, அடுத்த வீடு. அவள் போட்ட சத்தத்தில் தெருப் பையன்கள் கம்போடு வந்தார்கள். களத்துச் சுவர் மூலையில் நாயை மடக்கினார்கள். பின்னங்காலில் ஓர் அடி விழுந்துவிட்டது. அந்த நேரம் அப்பா வண்டியோடு வந்தார். என் கையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். வண்டியில் கிடந்த வெறுஞ்சாக்கை எடுத்து அதன்மேல் போட்டு, மேலே உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணாச்சி, தள்ளிக்கோங்க. வெறிநாய் அது."

"ஒனக்கு எப்படிலே தெரியும்?"

"பிள்ளையக் கடிச்சிருக்குல்லா."

"கைய விட்டா கடிக்கத்தான் செய்யும். வெறியா இல்லையான்னு இது உசுரோட கெடந்தாத்தான் தெரியும். அடிச்சுப் போட்டுட்டா யாருட்டப் போய்க் கேக்க?"

நாயைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்துப் பூவரச மரத்தில் கட்டினார். பிறகுதான் என்னைத் தூக்கி வண்டியில் வைத்தார். இந்த வரிசை என் மனத்தில் பதிந்துவிட்டது. முதலில் நாய், பிறகு நான்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் புண்ணைக் கழுவி, ஏதோ மருந்தை ஊற்றிச் சுட்டார். தோல் பொசுங்கிய வாடை வந்தது. அப்பாவைத் தனியே அழைத்துப் பேசினார். கூட வந்திருந்த அம்மா திரும்பும் வழியில் விடவில்லை. விஷக்கடி வைத்தியர் வீட்டுக்கும் போனோம். அவர் பச்சிலைச் சாறு கொடுத்தார், மஞ்சள் கயிறு கட்டினார், உப்பு புளி ஆகாது என்றார். அவரும் பெரியவர்களைத் தனியே அழைத்துத்தான் பேசினார்.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. கம்பவுண்டர் சொன்னது: நாயைக் கட்டி வையுங்கள், பத்து நாள் கழித்தும் நன்றாயிருந்தால் பிள்ளைக்குப் பயமில்லை, நாய் செத்தால் அன்றே பிள்ளையைக் கொண்டு வாருங்கள், வெறிநாய்க்கடி ஊசிக்குக் குன்னூர் மலைக்கு அனுப்ப வேண்டும். வைத்தியர் சொன்னது: கடித்த நாய் இருக்கிற மட்டும் பிள்ளை இருக்கும்.

அம்மா வைத்தியரை நம்பினாள். அப்பா யாரை நம்பினார் என்று தெரியாது. இரண்டு பேரையும் சந்தேகப்பட்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

மறுநாள் காலையிலிருந்து ஒரு வழக்கம் தொடங்கியது. அப்பா ஒரு மண்சட்டியில் தண்ணீர் கொண்டுபோய் நாய்க்கு முன் வைத்துக் குத்துக்காலிட்டு உட்காருவார். அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எனக்கு முன் உட்காருவாள். நாய் நக்கிக் குடிக்கும்வரை அப்பா அசையமாட்டார். நான் குடித்து முடிக்கும்வரை அம்மா கண்ணை எடுக்கமாட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை நின்று நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

"மருந்து கலந்திருக்கியா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"வெறுந்தண்ணிதான். குடிட்டி."

"பின்ன எதுக்குப் பாக்க?"

அம்மா செம்பை என் பக்கம் தள்ளினாள். ஆகவே மருந்துதான் என்று முடிவு செய்தேன்.

தெருப் பிள்ளைகள் என்னோடு விளையாட வரவில்லை. நான் போனால் உள்ளே போய்விட்டார்கள். நான் இருமினால் அத்தை வந்துவிடுவாள். "என்னட்டி, கொரலு ஒரு மாதிரி இருக்கு?" என்பாள். எத்தனை தடவைதான் பொறுப்பது. ஒரு நாள் வேலியோரம் அவள் எட்டிப் பார்த்தபோது, கையை ஊன்றி உட்கார்ந்து நாய்போலக் குரைத்தேன். அத்தை வேலியோடு விழுந்தாள். அம்மா ஓடிவந்து என் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள். விளையாட்டு என்று தெரிந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். அடித்தது எனக்குப் புரிந்தது. அழுதது புரியவில்லை.

நாய் தேறியது. பால்சோறு தின்று விலா மறைந்தது. எனக்கு விலா தெரிந்தது. பத்து நாளும் போயிற்று. கம்பவுண்டர் கணக்குப்படி காரியம் முடிந்தது. அப்பா நாயை அவிழ்த்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவிழ்க்கவில்லை.

பையன்கள் வாசலில் வந்து கேட்டார்கள். "எப்ப அவுக்கப் போறீய, அண்ணாச்சி?" அவர்கள் கையில் கம்பு இல்லை. ஆனாலும் அப்பா அவர்கள் கையைத்தான் பார்த்தார்.

அந்த வாரம் ஒரு காலையில் பூவரச மரத்தடியில் ஒரு சோற்றுருண்டை கிடந்தது. எங்கள் வீட்டுச் சோறு இல்லை. நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது, எட்டவில்லை. அப்பா குச்சியால் உருண்டையைப் பிளந்தார். உள்ளே பொடி. எட்டிக்கொட்டைப் பொடி, நாயைக் கொல்கிற விஷம் என்று அம்மாவிடம் சொன்னார். குழி தோண்டிப் புதைத்தார். பிறகு நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். தன் அக்கா வீட்டையும் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் வெளியூர்ச் சுமை ஏற்றவில்லை. சாப்பாட்டுக்குக் கஷ்டமாகிவிட்டது. நாய்க்கு ஓர் இடம் பார்த்தாக வேண்டும் என்றார்.

"மத்த வண்டிக்காரவுக மாதிரி வண்டிக்கடியில கட்டிக்கிடலாம்லா?" என்றேன். எல்லா வண்டியிலும் அச்சுக்கு அடியில் நிழலில் ஒரு நாய் நடந்து வரும்.

"சக்கரம் ஏறிரும்."

"அவுக நாய்க்கு ஏறலையே?"

"ஏறுச்சுன்னா?" என்றார். அதோடு சரி.

நாய் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அப்பா எல்லோரிடமும் கேட்டது ஒரே கேள்வி. முந்தின நாய் எப்படிச் செத்தது?

அக்கரைத் தோப்புக் காவல்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். எனக்கு மாங்காய் கொண்டுவந்தார்.

"முந்தின நாய் எப்படிச் செத்தது?"

"பாம்பு கடிச்சிட்டு."

அப்பா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

திசையன்விளையிலிருந்து கருப்பட்டி வியாபாரி ஒருவர் வந்தார். சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்குக் காவல் வேண்டும் என்றார். அவருடைய நாய் காணாமல் போய்விட்டதாம். அவர் சிரித்துச் சிரித்துப் பேசினார். அப்பா அவருடைய பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போனபின் அம்மாவிடம், "காணாமப் போனா இருக்கா செத்துச்சான்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். நாய்க்கு இவ்வளவு யோசனையா என்று எனக்கு எரிந்தது.

கடைசியில் அப்பா வண்டி கட்டினார். நாயைச் சாக்கின்மேல் ஏற்றித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். என்னையும் வா என்றார். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால். எனக்கு வழியெல்லாம் ஒரு சந்தேகம். என்னைக் கொடுத்துவிட்டு நாயோடு திரும்பிவிடுவாரோ என்று. இறங்கச் சொன்ன இடத்தில் எல்லாம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆழ்வார்திருநகரி வண்டிப்பேட்டையில் மாடுகளுக்கு வைக்கோல் விற்கிறவர் ஒருவர் இருந்தார். கால் சற்று ஊனம். அவரும் மனைவியும்தான், பிள்ளை இல்லை. வைக்கோலுக்குக் காவலாக ஒரு நாய் வேண்டும் என்று அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தார்.

அப்பா நாயை இறக்கவில்லை. முதலில் அவர் வீட்டைச் சுற்றி வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். சுவர் இருந்தது. பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கெழடு தட்டித்தான் செத்துது. கண்ணு தெரியாது, பல்லும் கெடையாது. எம் பெஞ்சாதிதான் சோத்தப் பெசஞ்சு வாயில வைப்பா" என்றார் அவர்.

அப்பா வண்டிக்குப் போனார். கயிற்றை அவிழ்த்தார்.

"கடிக்குமா, வே?"

"கைய விட்டா கடிக்கும். பிள்ளையக் கடிச்சிருக்கு. அப்புறம் நல்லாத்தான் இருக்கு, வெறி கெடையாது."

அவர் என் கையைப் பார்த்தார். தழும்பு தெரிந்தது. நாயைப் பார்த்தார். "அதுக்குத்தான் இம்புட்டு விசாரணையா? பொண்ணு குடுக்கவரு மாதிரில்லா கேக்கீரு."

"ஒரே ஒரு காரியம்" என்றார் அப்பா. "இது செத்துட்டா எனக்குச் சொல்லிவிடணும்."

"நாய்க்கு எழவு சொல்லி விடணுமா, வே?"

"ஆமா."

அவர் சிரிக்க வாயெடுத்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சரி என்றார்.

திரும்பும்போது என்னை முன்னால் உட்கார்த்தினார் அப்பா. நாய் இருந்த இடம். சாக்கில் அதன் வாடை இருந்தது. நான் ஜெயித்ததாக நினைத்தேன்.

ஜெயிக்கவில்லை. கிழக்கே போகும்போதெல்லாம் அப்பா அந்தப் பேட்டையில் வண்டியை நிறுத்துவார். வீட்டுக்கு வந்து, கால் கழுவும் முன்னே, அம்மாவிடம், "நல்லா இருக்கு" என்பார். அம்மா பெருமூச்சு விட்டு அடுப்பு மூட்டப் போவாள். நான் நல்லா இருக்கிறேனா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. என்னை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

இப்படிப் பல வருஷம் போயிற்று. தாவணி போட்டுவிட்டேன். ஒரு நாள் உச்சிப்பொழுதில் கிழக்கேயிருந்து வந்த வண்டி ஒன்று எங்கள் வாசலில் நின்றது. வண்டிக்காரர் இறங்காமலே அப்பாவிடம் ஏதோ சொன்னார். அப்பா தலையாட்டினார். வண்டி போயிற்று.

"யாருப்பா?"

"உப்பு வெலை சொல்லிட்டுப் போறான்."

அன்று சாயங்காலம் ஏற்றிவைத்த அரிசி மூட்டைகளை அப்பா ஒவ்வொன்றாக இறக்கினார். வேறு வண்டி பார்த்துக்கொள்ளும்படி வியாபாரிக்குச் சொல்லி அனுப்பினார். மாட்டுக்குக் குளம்பு நோவு என்றார். ஒரு மாதத்துக்கு மேல் வீட்டிலேயே இருந்தார். அப்பா அவ்வளவு நாள் வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. அம்மா எனக்குப் பிடித்த அயிரை மீன் குழம்பாக வைத்தாள். கேட்காமலே வைத்தாள். நான் தூங்கி எழுந்தால் இருவரில் ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

கல்யாணமாகி நான் கிழக்கே போகும்போது எங்கள் வண்டி அந்தப் பேட்டையில் நின்றது. வைக்கோல்காரர் மனைவி என் கையைப் பிடித்துத் தழும்பைத் தடவினாள். "நீதானா தாயி அது?" என்றாள். வேப்ப மரத்தடியைக் காட்டி, கிழடாகித்தான் செத்தது, அன்றே இந்தப் பக்கம் வந்த ஒரு வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டோம் என்றாள். கம்பவுண்டரும் வைத்தியரும் சொன்னதை அம்மா சொல்லக் கேட்டது அதற்குப் பிறகு.

அப்பா வீட்டில் இருந்த அந்த மாதம் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. காலையில் அப்பா மாட்டை ஆற்றுக்கு ஓட்டுவார், என்னையும் கூட வா என்பார். நான் பின்னால் நடப்பேன். மாட்டின் காலையே பார்த்துக்கொண்டு நடப்பேன். நான்கு குளம்பும் நன்றாக இருந்தன. மாடு நேராகத்தான் நடந்தது. அப்பா பொய் சொல்கிறார் என்று தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை. கேட்டால் மறுநாளே வண்டி கட்டிவிடுவாரோ என்று பயந்து, நான் கேட்கவில்லை.