மூன்று குழாய்க் களிம்பு

உப்பளம் பேட்டையில் அல்பேர் முசியே வீட்டில் கொளஞ்சிக்குச் சமையல் வேலை. புருஷன் செத்ததும் தட்டாஞ்சாவடியில் இருந்த அரைக்காணி நிலத்தைக் கொழுந்தன் வளைத்துக்கொண்டான். அதன்பிறகு அந்த வீட்டு அடுப்படிதான் அவளுக்குக் கஞ்சி ஊற்றியது. ஏழு வருஷம் அவள் கைமணத்தைப் புகழ்ந்து புகழ்ந்து தின்றார்கள்.

1957இல் ஒருநாள் இறால் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்து வலது புறங்கையில் காசளவு கொப்புளம். முசியே, சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்கிக்கொண்டு வந்தவர். பிரான்சிலிருந்து வந்த மருந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். ஒரு குழாய்க் களிம்பைக் கொடுத்து, "நல்லா அப்பிப் போடு" என்றார். அப்பினாள். கை மணிக்கட்டுவரை சிவந்து, அரித்து, நீர் வடிந்தது. வேறொரு குழாய் கொடுத்தார். அப்புறம் மூன்றாவது. கை முழுக்க மஞ்சள் பொருக்கு. துணியைப் பிரித்தால் தோலும் சேர்ந்து வந்தது. அந்த நாற்றம் அவளுக்கே குமட்டியது.

"இந்தக் கையால ஆக்குன சோத்த எவன் தின்னுவான்?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள் முசியேயின் மனைவி ஜிஸ்லேன். கொளஞ்சி தொட்ட சட்டியைத் தெருவில் வீசி, அவளையும் அனுப்பிவிட்டாள். புண்ணை உண்டாக்கியவர்களே முகம் சுளித்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது! த்தூ!

ஆஸ்பத்திரி டாக்டர் அவள் கொண்டுபோன மூன்று குழாய்களையும் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"மருந்து மூணும் வேற வேறம்மா. ஆனா மூணையும் ஆட்டு ரோமத்துல எடுக்குற கொழுப்புலதான் கொழச்சிருக்கான். அந்தக் கொழுப்பு ஒன் ஒடம்புக்கு ஆவல. இனிமே இத தொடாத."

உப்புத்தண்ணீரில் நனைத்த துணியை மட்டும் சுற்றிக்கொண்டாள். மூன்றே வாரத்தில் கை ஆறிவிட்டது. ஓட்டமாய் உப்பளத்துக்குப் போய்ச் சொன்னாள்.

"பிரான்சு மருந்துல கொறையா? ஒன் ரத்தந்தான் கெட்டுக் கெடக்கு" என்றார் முசியே.

"அப்ப அதே களிம்ப இந்த நல்ல கையில தடவிப் பாருங்க முசியே. கொறை மருந்துலதான்னு ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும்" என்று இடது கையை நீட்டினாள். வேலை திரும்பக் கிடைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அவரே தடவிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, முசியே வீட்டு வாசலில் நின்று, சிவந்து நீர் கோத்த அந்தக் கையைச் சந்தோஷமாகவே தூக்கிக் காட்டினாள் கொளஞ்சி.

ஜிஸ்லேன் இரண்டடி பின்னால் போய்ப் புருஷனிடம் கத்தினாள்: "நான் சொல்லல? நோவு அடுத்த கைக்கும் பரவிடுச்சி. கதவச் சாத்துங்க!"