சுகன்யாவைத் தேடிய வெள்ளிக்கிழமை

கருமாரித் தாயின் பிள்ளைகளே, அந்த நாளை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

நான் வேலப்பன்சாவடிப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நர்ஸ். 2020 ஆடி மாதம். எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டைக் கொரோனா வார்டாக மாற்றிவிட்டார்கள். இனிப் பிரசவமெல்லாம் ஆவடிப் பக்கம் வேறொரு கட்டடத்தில். மாசமாக இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், சுகன்யாவைத் தவிர. அவளுக்கோ ஒன்பதாம் மாதம், ரத்தக்கொதிப்பு வேறு. போன் அணைந்தே கிடந்தது. வலி எடுத்துப் பழைய வாசலில் வந்து நின்றால்?

அன்று வெள்ளிக்கிழமை. அவள் வீட்டுக்கு ஓடினேன். பூட்டு. அக்கம்பக்கத்தில் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நர்ஸ் வந்தாலே கொரோனா வீடு என்று வாசலைத் தகரம் அடித்து மூடிவிடுவார்கள் என்ற பயம். என் வாயும் சும்மா இருந்ததில்லை. நாலு பேர் கூடி நின்றால் கத்தித் தீர்த்துவிடுவேன்.

மூடிக்கிடந்த அம்மன் கோயிலின் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "கருமாரி, அந்தப் பொண்ணு எங்கேன்னு நீதான் காட்டணும்."

திரும்பினால் வளையல் விற்கிற அம்மா நிற்கிறாள். மாஸ்க் போடாமல் சுற்றுகிறாள் என்று முந்தின வாரம் நான் விரட்டியவள்.

"இன்னாத்துக்கு அழுவுற நர்ஸம்மா? சுகன்யாவத்தான தேடிகினு கீற? நான்தான் அதுக்கு வளையல் போட்டேன். நீ கத்துவேன்னு கதவ சாத்திகினு வளைகாப்பு பண்ணாங்க. வேப்பம்பட்டுல அவங்கம்மா ஊட்டுக்கு இட்டுகினு போய்ட்டாங்க. யாருக்கும் சொல்லாதன்னாங்க. நீ அழுவறதப் பாத்து மனசு கேக்கல."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. என் வாய்க்குப் பயந்தல்லவா ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஒளித்து வைத்திருக்கிறார்கள்!

ஆட்டோ பிடித்து வேப்பம்பட்டு போய்ச் சேர்ந்தேன். சுகன்யா தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். "கண்ணு மங்கலா தெரியுதுக்கா" என்றாள். கொதிப்பு எகிறியிருந்தது. பழைய ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸை வரவழைத்து, நேரே புது இடத்துக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் "தாயே, தாயே" என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. அது அழுத சத்தம் கேட்டு நானும் அழுதேன். சுகன்யாவும் பிழைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து நான் எடுத்த எடுப்பில் யாரிடமும் கத்துவதில்லை. "எப்படி இருக்கே, எங்கே இருக்கே" என்றுதான் முதலில் கேட்கிறேன். உங்களுக்கும் கதி கலங்கும் நேரம் வந்தால் கருமாரியைக் கூப்பிடுங்கள். கட்டாயம் ஆள் அனுப்புவாள். வருகிறவர் யாராக இருந்தாலும் விரட்டிவிடாதீர்கள். நான் விரட்டியும் எனக்காக ஒருத்தி திரும்பி வந்தாள்.