மாலினேயோ வைத்த பானை

மாலினேயோவுக்கு வாய் நீளம் என்று லெசோத்தோ நாட்டு மலையூர் ஹா-ட்லாலியில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், யார் இல்லையென்றது? ஆனால் அந்த மனுஷியின் மனசை அளந்து பார்த்தவர்கள் குறைவு. ஊருக்கு உதவி செய்ய வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வருகிறாள், யாராவது வீட்டில் இடம் கொடுங்கள் என்று ஊர்த் தலைவர் கேட்டபோது ஆளாளுக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். விதவை மாலினேயோதான் எழுந்தாள்.

"என்னமோ பாம்பக் குடிவைக்கச் சொன்ன மாதிரி முழிக்கிறீங்க! ஒரு புள்ளைக்கு என்ன, கூட ஒரு கை களி. என் வீட்டுக்கு அனுப்புங்க."

வந்தவள் டென்மார்க்குக்காரி. இருபத்திரண்டு வயது, பெயர் சிக்னே. அவள் வந்து இறங்கிய அன்று மழை கொட்டியது. அதனால் மாலினேயோ அவளுக்குப் புலானே என்று மழைப் பெயர் வைத்தாள். எட்டு மாதத்தில் அந்தப் பெண் நம் பாஷையில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். சண்டைக்கு ஆள் வீட்டிலேயே இருந்ததால் பழக்கத்துக்குக் குறைவில்லை.

மேட்டுச் சுனையிலிருந்து ஊருக்குக் குழாயில் தண்ணீர் இறக்குவதுதான் அவள் வேலை. குழாய்கள் வந்து பள்ளிக்கூடத்தில் குவிந்து கிடந்தன. பள்ளம் வெட்ட வேண்டியதுதான் பாக்கி. ஜூன் பிறந்தால் இங்கே குளிர்காலம், மலையில் மண் உறைந்து கல்லாகிவிடும். மே முடிவதற்குள் பள்ளம் தயாராகாவிட்டால் குழாய்களை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று கொடுத்தவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். புலானே கூட்டம் போட்டாள். திங்களுக்கு இன்னார், செவ்வாய்க்கு இன்னார் என்று பட்டியல் எழுதி ஒட்டினாள். எல்லோரும் "ஆகட்டும் தாயி" என்று தலையாட்டினார்கள். மண்வெட்டியோடு ஈ காக்காகூட வரவில்லை. மாலினேயோவும் அவளும் மட்டும் கை கொப்புளிக்க வெட்டினார்கள். ஏப்ரல் முழுக்க வெட்டியும் நூறு அடி தாண்டவில்லை.

மே மாதம் முதல் வியாழக்கிழமை மாலினேயோ ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். சுனையிலிருந்து பார்த்து நேர்கோடு பிடிப்பதற்காக, புலானே ஒரு நீளக் கழியில் வெள்ளைத் தலையணை உறையைக் கட்டி வாசலில் நட்டாள். போயும் போயும் வெள்ளைத் துணி! வாசலில் பச்சைத் துணி பறந்தால் கீரை, சிவப்பு பறந்தால் கறி, வெள்ளை பறந்தால் சோளக் கள் தயார் என்று இந்த மலையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவள் சுனைக்கு ஏறி இறங்குவதற்குள் முற்றத்தில் இருபத்து மூன்று ஆண்கள், ஆளுக்கொரு குவளையோடு.

அந்த நேரம் பார்த்து ஜெபக்காரிகளின் சிவப்புச் சட்டையோடு மாலினேயோ வந்து நின்றாள்.

"அடேயப்பா, ஜெபக்கார அம்மா வீட்டுல வெள்ளைக் கொடி!" என்றார் கோவாபானே. ஊரில் முதல் குவளை அவருடையதுதான். "பானை எங்கம்மா? தொண்டை காஞ்சு கெடக்கு."

"பானையும் இல்ல, பூனையும் இல்ல! புள்ள அளவெடுக்கக் கட்டுன துணிய்யா அது. போங்க, போய்ப் பொழப்பப் பாருங்க!"

முற்றமே சிரித்தது. புலானே சிரிக்கவில்லை. "கள்ளுன்னதும் இத்தன பேர் ஓடியாறீங்க. தண்ணிக்கு ஒருத்தர்கூட வரலையே. நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள்.

கோவாபானே தொப்பியைக் கழற்றினார். "நீ தப்பு பண்ணல புள்ள. ஆனா வேலைக்குக் கூப்புடுற வீட்டுல பானை வைக்கணும், அந்த வீட்டு அம்மா கையால காய்ச்சணும். அது எங்க அப்பன் பாட்டன் வழக்கம். தாள்ல பேர் எழுதி ஒட்டுனா கூப்புட்ட மாதிரியா இருக்கு? போலீசு தேடுற மாதிரில்ல இருக்கு!"

இதைச் சொல்லும்போது அவர் மாலினேயோவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று புலானேவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் ஹா-ட்லாலியில் அவள் கைக் கள்ளுக்கு ஈடு கிடையாது. அந்தக் கள்ளைக் குடித்துவிட்டுத்தான் அவள் புருஷன் பனியில் விழுந்து விறைத்துச் செத்தான். புதைத்த மறுவாரமே, இனிக் கள்ளுப் பானையைத் தொடமாட்டேன் என்று சபையில் சத்தியம் செய்து சிவப்புச் சட்டை போட்டாள். இருபத்தோரு வருஷம் ஆயிற்று. அந்தச் சட்டைதான் அவளைக் குடிகாரன் பெண்டாட்டி என்ற பேச்சிலிருந்து காப்பாற்றியது. ஊர் ஏன் பள்ளம் வெட்ட வரவில்லை என்று முதல் நாளே அவளுக்குத் தெரியும். தெரிந்தும், சட்டையை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நீள வாய்!

அன்று கூட்டத்தை வெறுங்குவளையோடு அனுப்பிவைத்தாள். மறுநாள் காலை சிவப்புச் சட்டையைத் துவைத்து, காயவைத்து, மடித்து, சபைத் தலைவி மாகோட்ஸோவின் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"என்ன மாலினேயோ இது?"

"நீங்க கழட்டச் சொல்றதுக்கு முன்னால நானே கொண்டாந்துட்டேன். சோளம் முளைகட்டப் போறேன்."

மாகோட்ஸோ கதவைப் பிடித்துக்கொண்டாள். "இருபத்தோரு வருஷ சத்தியம்! எங்கிருந்தோ வந்த புள்ளைக்காகவா?"

"அவளுக்கென்ன, இன்னும் ரெண்டு மாசத்துல ஊருக்குப் போயிருவா. குடம் தூக்கி மேடேறி இடுப்பொடியறது யாரு? நீங்களும் நானும்தான்."

"பொறவு இந்தச் சட்டை உனக்குத் திரும்பக் கிடைக்காது."

"தெரியும்மா. பொத்தான் ஒண்ணு தளந்திருந்துச்சு, தெச்சிருக்கேன்."

சட்டையைப் பாயில் வைத்துவிட்டு வந்தாள். முளைகட்டி, காயவைத்து, அரைத்து, காய்ச்சி, புளிக்கவைத்துப் பக்குவத்துக்குக் கொண்டுவரப் பன்னிரண்டு நாள் பிடித்தது. பதின்மூன்றாம் நாள் விடிந்ததும் வெள்ளைத் துணியைத் தன் கையாலேயே கட்டினாள். அன்று வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! கோவாபானே முதல் ஆளாகக் கடப்பாரையோடு நின்றார். ஆண்கள் வெட்ட, பெண்கள் மண்ணள்ள, பாட்டும் வசவுமாக நான்கே நாளில் பள்ளம் ஊருக்குள் வந்து சேர்ந்தது. பொழுது சாய்ந்த பிறகுதான் பானையைத் திறந்தாள். ஒரு ஆளுக்கு இரண்டு குவளை, மூன்றாவது கேட்டவனுக்கு அகப்பைக் காம்பு.

மே கடைசியில் குழாயில் தண்ணீர் கொட்டியது. குடம் பிடிக்க வந்த ஒருத்தி பேச்சுவாக்கில் சட்டைக் கதையைப் போட்டு உடைத்துவிட்டாள். புலானே மண் அப்பிய காலோடு வீட்டுக்கு ஓடினாள். வீடு பூட்டியிருந்தது. அன்றைக்கு வியாழக்கிழமை.

ஜெபவீட்டில் முன்வரிசை முழுக்கச் சிவப்புச் சட்டைகள். பழைய பழுப்புக் கம்பளிச் சட்டையில் மாலினேயோ கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார ஒருத்தியும் வரவில்லை. புலானே போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் அவங்ககிட்டப் பேசறேம்மா. அந்தச் சட்டையத் திருப்பிக் கேக்கறேன்" என்று எழுந்தாள்.

"உக்காருடி. கொடுத்ததத் திருப்பிக் கேட்டா, கொடுத்ததா ஆகுமா?"

"என்னாலதானம்மா எல்லாம்?"

முன்னால் பாட்டு எடுத்துவிட்டார்கள். மாலினேயோ பாட்டுப் புத்தகத்தை அவள் மடியில் விரித்துவைத்தாள்.

"ஆமாடி, உன்னாலதான். மூக்கத் தொடச்சிட்டுப் பாடு."