சைவக் கத்தரிக்காய்

மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகக் கரண்டி பிடித்த குடும்பம் நாராயணசுவாமியுடையது. மலைக்குக் கீழே கல்யாண மண்டபங்களிலும் அவர் கைச்சமையல்தான். திருத்தணியில் முகூர்த்தம் என்றால் முதலில் நாராயணசுவாமியிடம் நாள் கேட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை தேடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை அதிகம் பேசியவர் அவரேதான்.

2009 ஐப்பசியில் ஒரு நாள் மகள் ஸ்னேகா பேப்பர் வாசித்தாள். அரக்கோணத்துக்கு ரயிலில் போய்த் தாவரவியல் படிக்கிற பெண். மண்ணில் வாழும் ஏதோ ஒரு கிருமியின் மரபணுவைக் கத்தரிச் செடிக்குள் ஏற்றியிருக்கிறார்களாம். காயில் புழு விழாதாம், பூச்சிமருந்து குறையுமாம். உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்று டெல்லியில் சண்டையாம்.

"அதெல்லாம் கிடக்கட்டும். அந்தக் கிருமி சைவமா, அசைவமா?" என்றார் நாராயணசுவாமி.

"அப்பா, தயிர்ல கூடத்தான் கிருமி இருக்கு."

"தயிரை இதுல இழுக்காதே. அது பழகின கிருமி."

விஞ்ஞானிகள் வருடக்கணக்காக முடிக்காத விவகாரத்தை அவர் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டார். மாற்றிய கத்தரிக்காய் அசைவம். பிஸ்கட் பொட்டலத்தில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி போடுகிறான், கத்தரிக்காய்க்கு யார் போடுவது? மலையடிவாரக் கடையில் பச்சை ஸ்டிக்கர் பொட்டு வாங்கிவந்து, காய்க்கு ஒன்றாக ஒட்டி, கூடையோடு மண்டப வாசலில் வைத்தார். பக்கத்தில் ஒரு பலகை: 'எங்கள் காயில் ஜீன் கிடையாது.'

"எல்லாக் காய்லயும் ஜீன் இருக்குப்பா" என்று ஸ்னேகா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நம்ம காய்ல கிடையாது" என்றார்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து காய் கொண்டுவரும் பங்காருவுக்குத்தான் தலைவலி.

"அந்தக் காய் இன்னும் கடைக்கே வர்லன்னு சொல்றாங்களே சாமி?"

"வந்தா உங்கிட்ட சொல்லிட்டா வரும்? உன் காய் ஏன் இப்படி வழவழன்னு இருக்கு? ஒரு புழுவைக்கூடக் காணோமே!"

"வாரத்துக்கு ரெண்டு வாட்டி மருந்து அடிச்சிகினு கீறேன். புழு எங்கேருந்து வரும்?"

"மருந்து கழுவினா போயிடும். கிருமி போகாது. இனிமே புழு விழுந்த காயாக் கொண்டா. புழு தின்னிருந்தா அது நல்ல காய்."

மாட்டுக்குப் போட்ட காய்க்கு மரியாதை வந்ததில் பங்காருவுக்கு ஏக சந்தோஷம். மருந்தடிப்பதை நிறுத்தினான். நாராயணசுவாமியின் மனைவி அகிலாண்டேஸ்வரி மட்டும் அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டைக் காய்களைப் பிளந்து புழு பொறுக்கினாள்.

கார்த்திகையில் பக்தவச்சல முதலியார் வீட்டுக் கல்யாணம் வந்தது. சம்பந்தி சிவப்பிரகாசம் அரக்கோணத்தில் புது மண்டபம் கட்டி முடித்திருந்தார். இந்தப் பந்தி நன்றாக நடந்தால் அங்கே நிரந்தரச் சமையல் நாராயணசுவாமிக்கு. ஸ்னேகாவை மேலே படிக்கவைக்க அவருக்கு வேறு வழியும் இல்லை. முதல் பந்தியில் சம்பந்தியின் இலை ஓரமாகவே நின்றார்.

எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு விழுந்தது. சிவப்பிரகாசம் ஒரு காயைப் பிட்டார். பிட்ட கை இலைமேலேயே நின்றது.

"யோவ், இன்னாயா இது? வெள்ளையா, நீளமா?"

பரம சைவக் குடும்பம். பந்தியே கையை உதறத் தயாரானது. பக்தவச்சலம் முகத்தில் ரத்தமில்லை. நாராயணசுவாமி, நல்ல காய்க்கு இதுதான் அத்தாட்சி என்று சொல்ல வாயெடுத்தார், சம்பந்தியின் மீசை துடிப்பதைப் பார்த்து அடங்கினார். மகளின் படிப்பு, மண்டபம், குடும்பப் பெயர் எல்லாம் ஒரு விரல் கணு நீளத்தில் அந்த இலையில் கிடந்தன.

குனிந்தார். இரண்டு விரலால் எடுத்தார். வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"தேங்காய்க் கீத்துங்க. துருவும்போது விழுந்திருக்கு."

சிவப்பிரகாசம் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஆங், அப்டியா" என்று சாப்பிட ஆரம்பித்தார். பந்தியும் சாப்பிட்டது. கை கழுவிய கையோடு, "தையிலேருந்து அரக்கோணம் வந்துடுங்க சாமி. ஆச்சாரமான கை உங்களுது" என்றார்.

நாராயணசுவாமி பின்கட்டுக்குப் போய் வெகு நேரம் வாய் கொப்பளித்தார். இத்தனை தலைமுறையில் இது முதல் தடவை. அழுகை வந்தது, அதையும் விழுங்கினார்.

மறுநாள் பங்காரு வந்தான். "புழுக்காய் நெறைய கீது சாமி. கொண்டாரட்டுங்களா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வேண்டாம்டா. மருந்து அடி. எப்பவும் அடிக்கிறதைவிட ஒரு வாட்டி கூடவே அடி."