வெர்னனின் சொந்தத் துப்பாக்கி

பென்சில்வேனியா மலைக்காட்டில் மான்வேட்டைக்குப் போனவன் குறி தப்பினால், சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்து வேட்டைக் குடிலின் சுவரில் ஆணியடித்து விடுவார்கள். அந்தச் சுவரில் பாதி, பால்வண்டி ஓட்டும் வெர்னன் கிராட்சரின் சட்டைத்துணிதான்.

"துப்பாக்கி சரியில்ல" என்பான் வருஷாவருஷம். அது அவன் பெண்டாட்டியின் அண்ணன் கிளேட்டனிடம் இரவல் வாங்கியது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! ரோஷம் இருந்தா சொந்தமா ஒண்ணு வாங்கிச் சுட்டுக் காட்டு மாப்ள" என்று கிளேட்டன் போன வருஷம் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். வெர்னனுக்குச் சுருக்கென்று தைத்தது.

புதுசு வாங்கக் காசுக்கு எங்கே போவது? நல்ல வேளையாக, உலகச் சண்டை முடிந்து ராணுவம் கழித்துப்போட்ட துப்பாக்கிகளை இரும்புக்கடைக்காரர் பீப்பாயில் துடைப்பக்கட்டை மாதிரி நிறுத்தி விற்றுக்கொண்டிருந்தார். வெர்னன் இருப்பதிலேயே மலிவானதைத் தூக்கி வந்தான். தோட்டாவை உள்ளே தள்ளும் தாழ்ப்பாளையே காணோம். நாலு ஊர் அலைந்து ஒன்றைத் தேடிப்பிடித்து, துப்பாக்கி மெக்கானிக்கிடம் பொருத்தமும் பார்த்துக்கொண்டான். துப்பாக்கியின் தடித்த மரக்கட்டையை அறுத்து இழைத்து ஒல்லியாக்கினான். மரத்தில் ஊறிய ராணுவ மசகைக் கக்கவைக்க, அதைப் பெண்டாட்டி லியோனா வான்கோழி சுடும் அடுப்புக்குள்ளேயே வைத்துவிட்டான், பாவி.

மறுநாள் விருந்து. வான்கோழியை வாயில் வைத்ததும் கிளேட்டன் கேட்டான்: "ஏம்மா, இத லாரி ஷெட்டுலயா சமைச்ச?"

"உன் மாப்பிள்ளையக் கேளு! அந்தக் கட்டையையே கட்டிக்கிட்டு அழட்டும்" என்று லியோனா கரண்டியை வீசினாள்.

திங்கட்கிழமை வேட்டை தொடங்கியது. கொம்புமான் ஒன்று வாகாகப் பக்கவாட்டில் வந்து நின்றது. வெர்னன் சுட்டான். பக்கத்து மரத்தின் பட்டைதான் பறந்தது. மான் துள்ளி ஓடி, மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தது.

"துப்பாக்கி..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள், "கொடு இங்க" என்று கிளேட்டன் அதைப் பிடுங்கிச் சுட்டான். இரண்டு மடங்கு தூரம். ஒரே வெடியில் மான் விழுந்தது.

வெர்னனுக்கு முகம் செத்துவிட்டது. இனி எதன்மேல் பழி போடுவான்? ஆனால் நெஞ்சுக்குள் ஒரு குதியாட்டம். என் கை செய்த துப்பாக்கியடா அது!

கிளேட்டன் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. இழைத்த மரத்தைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"மாப்ள, எனக்கும் இப்படி ஒண்ணு பண்ணித் தரியா?"

"தரேன் மச்சான். ஆனா ஒண்ணு, குறி தப்புனா துப்பாக்கியச் சொல்லக் கூடாது."