கௌதாரி நாயும் ஒரு கிண்ணம் பருப்புசாதமும்

பள்ளிப்பட்டுக்கு அப்பால் ஒரு ஜமீன் பண்ணையில் வேட்டை நாய்களைப் பழக்குவது என் கொழுந்தனாரின் வேலை. அந்த வருஷம் வேட்டைக் கூடாரத்துக்குத் திருத்தணியிலிருந்து நாங்களும் போயிருந்தோம். காய்ச்சல் விட்டும் என் மகள் சோற்றைத் தொடவில்லை. நாயைக் காட்டியாவது ஊட்டலாமென்று, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிண்ணத்தோடு புதர்க்காட்டின் ஓரம் போய் நின்றேன்.

கொழுந்தனார் குதிரைமேல் வந்தார். அவருக்கு முன்னால் வளைந்து வளைந்து ஓடிய நாய், எங்கள் அருகில் சட்டென்று நின்றுவிட்டது. வால் விறைத்திருந்தது, ஒரு முன்னங்கால் தூக்கியபடியே இருந்தது. சோற்று வாசனைக்குத்தான் நிற்கிறது, குழந்தைமேல் பாய்ந்துவிடுமோ என்று பயந்து, ஒரு உருண்டையை அதன் முன்னால் எறிந்தேன். புதரிலிருந்து கௌதாரிகள் படபடவென்று பறந்தன.

"இன்னா அண்ணி, நான் குதிரையவுட்டு எறங்கறதுக்குள்ள கௌதாரிக்கு விருந்து வெச்சு அனுப்பிட்டீங்களே!"

"நாய்க்குத்தான் தம்பி போட்டேன். அது ஏன் திரும்பிக்கூடப் பார்க்கல?"

"பறவை வாசனை புடிச்சிட்டா நெய்ச்சோறு போட்டாலும் நகராது. நாம வந்து பறவைய கௌப்புற வரைக்கும் அப்படியே நின்னுகினு இருக்கும்."

மகள் பறவைகள் போன திக்கையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் வைத்தேன், விழுங்கினாள். வேட்டைக்காரர் பின்னாலேயே நானும் போவது சரியா என்று தயங்கினேன். ஆனாலும் கேட்டேன்:

"அடுத்து எங்க நிக்கும் தம்பி?"

"அது நாய்க்குத்தான் தெரியும். பின்னாடியே வாங்க அண்ணி. சோத்த மட்டும் எறியாதீங்க."

கிண்ணத்தோடு குதிரையின் பின்னால் நடந்தேன்.