முதுகில்லாத நிழல்வாணன்

தாளில் இருப்பவனைத் தரையில் நிற்க வைப்பதுதான் எங்கள் தொழில். தாளில் அவன் எப்படி நின்றான் என்பது வரைந்தவருக்கே தெரியாது என்பதுதான் எங்கள் தலைவலி.

திருத்தணியில் என் அக்கா வீட்டுக்காரர் ஃபைபர் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறார். அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அவர் களிமண்ணில் மாதிரி செய்து அச்சு எடுப்பார். நானும் வேலைக்கு வரும் மல்லிகாவும் வண்ணம் பூசுவோம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முருகன், வள்ளி, மயில் என்றால் பயமில்லாமல் பூசுவேன். போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு சித்திரக்கதைப் பதிப்பகத்தார் வந்தார்கள். தங்கள் நாயகன் நிழல்வாணனை ஒரு அடி உயரச் சிலையாகச் செய்து தர வேண்டும், ரசிகர்கள் வாங்கி அலமாரியில் வைப்பார்கள் என்றார்கள். மாதிரிச் சிலை ஓவியருக்குப் பிடித்தால் நூறு சிலை. பிடிக்காவிட்டால் பாவா தண்ணீர்த் தொட்டி மூடி செய்யப் போய்விடுவார். மூடிக்கு யார் வண்ணம் பூசுவார்கள்? எனக்கும் மல்லிகாவுக்கும் வேலை இருக்காது. இதை நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்போனில் ஒரு ஜாக்கெட் படத்தைக் காட்டி, 'அப்படியே இதே மாதிரி' என்று கேட்பவர்களிடம் மாட்டியிருக்கும் தையல்காரர்களே, என் பாட்டை நீங்களாவது புரிந்துகொள்வீர்கள்.

முதுகு

பதினாலு புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் மல்லிகாவும் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். நிழல்வாணன் முன்னால் நிற்கிறான், பக்கவாட்டில் பாய்கிறான், தலைகீழாகத் தொங்குகிறான். முதுகை மட்டும் ஒரு கட்டத்தில்கூடக் காட்டவில்லை. சிலை வாங்குகிறவர் திருப்பிப் பார்க்காமலா இருப்பார்? அவன் போர்வை தோளில் எங்கே மாட்டியிருக்கிறது, இடுப்புப் பட்டைக்குப் பின்னால் கொக்கி உண்டா, ஒன்றும் தெரியவில்லை.

ஓவியருக்குப் போன் போட்டேன். சின்ன வயசுக்காரர், என்னை அக்கா என்பார். "தம்பி, முதுகு மட்டும் ஒண்ணு வரைஞ்சி அனுப்புங்க" என்றேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "அவன் முதுகைப் பாத்தவன் எவனும் உயிரோட இல்லக்கா."

கணுக்கால்

படத்தில் அவனுக்கு மார்பு அரிசி மூட்டை மாதிரி இருக்கும். கணுக்காலோ கோழிக்கால். தாளில் நன்றாகத்தான் இருக்கிறது, தாளில் யாருக்கும் எடை கிடையாதே. பாவா களிமண்ணில் அப்படியே செய்தார். முதல் நாள் குப்புற விழுந்தான். இரண்டாம் நாள் மல்லாக்க விழுந்தான். மூன்றாம் நாள் பாவா கையிலேயே விழுந்தான். காலைக் கொஞ்சம் தடிமனாக்கலாம் என்று கேட்டால், ஓவியர் கூடவே கூடாது என்றுவிட்டார். அந்தக் கால்தான் அவன் வேகமாம்.

"முருகர்னா மயிலு மேல சாச்சிடுவேன். இவன இன்னாத்துல சாய்க்கிறது சரசு?" என்று பாவா என்னைக் கேட்டார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள், காற்றில் பறக்க வேண்டிய போர்வையைக் கீழே இழுத்து, அதன் நுனியைத் தரையில் ஊன்றி மூன்றாவது காலாக ஆக்கியிருந்தார். நிழல்வாணன் ஆடாமல் நின்றான். போர்வை முதுகையும் மூடிவிட்டதால் அந்தத் தலைவலியும் தீர்ந்தது. மல்லிகா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரும் இப்டித்தாங்க்கா, எதனா புடிச்சிகினாத்தான் நிப்பாரு."

பாதி முகம்

பேரே நிழல்வாணன் அல்லவா, எல்லாப் படத்திலும் முகத்தில் ஒரு பாதி கறுப்பு மையாக இருக்கும். வலப்பக்கம் திரும்பினால் இடப்பாதி கறுப்பு, இடப்பக்கம் திரும்பினால் வலப்பாதி கறுப்பு. சிலைக்கு ஒரு முகம்தானே? எந்தப் பாதி என்று ஓவியரைக் கேட்டேன். "அவனுக்குக் கோவம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்க்கா" என்றார். எனக்கு இடப்பக்கம்தான் தலை வலிக்கும், அதனால் இடப்பக்கத்தைக் கறுப்பாக்கி, காய்வதற்காக வாசலில் வைத்தேன். வெயில் சாய்ந்ததும் மற்றப் பாதியிலும் நிஜ நிழல் விழுந்து முழு முகமும் கருகலாகிவிட்டது.

மலையிலிருந்து மொட்டை போட்டு இறங்கி வந்த ஒரு அம்மா நின்று, குனிந்து, உச்சுக்கொட்டினார். தலையில் பூசியிருந்த சந்தனத்தில் ஒரு துளியை வழித்து நிழல்வாணன் கன்னத்தில் தடவிவிட்டு என்னிடம் சொன்னார்: "தீப்பட்ட புள்ளையா? கவலப்படாத, அடுத்த கிருத்திகைக்கு மலை மேல இட்டுகினு போ, மூஞ்சி தெளிஞ்சிடும்."

கண்

அந்தக் கறுப்பைத் துடைத்துவிட்டுக் கன்னத்தில் லேசாகச் சாம்பல் நிறம் இழுத்தேன். ஓவியர் மறுநாள் காலை ரயிலில் வருவதாக இருந்தார். மிச்சம் இருந்தது கண் மட்டும். எங்கள் பட்டறையில் கண்ணை எப்போதும் கடைசியில்தான் வரைவோம். குளித்து, கற்பூரம் ஏற்றி, வரைந்து முடித்ததும் பொம்மைக்குக் கண்ணாடி காட்டுவோம், முதலில் அது தன்னையே பார்க்கட்டும் என்று. அப்படித் திறந்த கண்ணை மறுபடி அழிக்கும் வழக்கமே கிடையாது. நிழல்வாணன் கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்டவன், அதில் கண் இருக்கும் இடம் இரண்டும் வெறும் வெள்ளையாக இருந்தது. புத்தகத்திலும் அப்படித்தான். சின்னக் கட்டத்தில் விழி வரைய இடமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டு விழி வைத்து, கண்ணாடியும் காட்டிவிட்டேன். கைப்பழக்கம், பார்வையில் கொஞ்சம் கருணை வந்துவிட்டது.

ஓவியர் வந்தார், பார்த்தார், முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, அவன் எங்க பாக்கிறான்னு யாருக்கும் தெரியக்கூடாது. அதுதாங்க்கா கதையே! அழிச்சிடுங்க" என்றார். "தொறந்த கண்ண அழிக்க மாட்டேன் தம்பி" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று எனக்கே உறைத்தது. மல்லிகா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வேலையை என் வாயாலேயே அழித்துவிட்டேன் என்று அழுகை முட்டியது.

பாவா முகத்தின் மேல் களிமண் அப்பி, அளவெடுத்து, மத்தியானத்துக்குள் மெல்லிய முகமூடி ஒன்றைத் தனியாக வார்த்துவிட்டார். அதற்கு வெறும் வெள்ளைக் கண். நான் உள்ளே இருந்த விழியைத் தொடாமல் சுற்றியிருந்த முகமூடிக் கறுப்பை மட்டும் எடுத்துவிட்டுத் தோல் நிறம் பூசினேன். இப்போது முகமூடியை மாட்டினால் நிழல்வாணன். கழற்றினால் உள்ளே ஒரு முகம். பதினாலு புத்தகத்திலும் அவர் வரையாத முகம். ஓவியர் மாட்டினார், கழற்றினார், மாட்டினார், கழற்றினார். "நூறும் இதே மாதிரி செஞ்சிடுங்க" என்று பாவாவிடம் சொல்லிவிட்டு, சிலையின் கண்ணையே பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "இவன் யாருன்னு எனக்கே இப்பதாங்க்கா தெரியுது."

இப்போது தினமும் குளித்துக் கற்பூரம் ஏற்றி, முகமூடியைக் கழற்றினால்தான் தெரியும் கண்களை ஜோடி ஜோடியாக வரைந்துகொண்டிருக்கிறேன், அதில் ஒன்று கோணிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மல்லிகா சொல்வதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.